கரிக்கோடு போட்ட முட்டை



இன்று காலை உங்கள் இல்லத்தில் பசியாற என்ன? இட்டலியோ, இடியாப்பமோ, இரவு மீந்த ஆணத்துடன் ரொட்டியோ, எதுவாக இருப்பினும் தட்டின் ஓரத்தில் ஒரு முட்டையும் இருந்திருக்கக் கூடும். இருந்திருந்தால் அதனை நீங்கள் பெரிதாகக் கருதியிருக்க மாட்டீர்கள். பிள்ளைகளில் ஒருவர் மஞ்சள் கருவைத் தோண்டி ஒதுக்கியிருப்பார். மற்றொருவர் ஆம்லெட்டில் வெங்காயம் போட்டதற்காக முகம் சுளித்திருப்பார். நாமக்கல் பண்ணைகளிலிருந்து முப்பது முப்பதாக அட்டைகளில் அடுக்கி வந்து மளிகைக் கடை வாசலில் இறங்கும் பொருளுக்கு வேறென்ன மரியாதை கிடைக்கும்! நாற்பதுகளின் நடுவில் இருக்கும் என் வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது. ஆயினும் அவித்த முட்டையின் ஓட்டைத் தட்டி உடைக்கும் ஒவ்வொரு காலையும் என் கை ஒரு நொடி தயங்கும். அந்தத் தயக்கத்தின் காரணத்தை இதுவரை எவரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. இம்மாதம் உங்களிடம் சொல்லுகிறேன்.

வெள்ளாற்றங்கரையில், லெப்பைக்குடிக்காட்டுக்கு அருகிலுள்ள சிற்றூர் எங்களுடையது. நான் சிறுவனாக இருந்தபோது அது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அத்தா சைக்கிளின் பின்னால் ஜவுளி மூட்டையைக் கட்டிக்கொண்டு சுற்றுப்பட்ட ஊர்களுக்குப் போய்த் தவணைக்கு விற்று வருவார். வீட்டில் அத்தா, அம்மா, நன்னி, அக்கா, நான். இவர்களோடு நான்கைந்து நாட்டுக்கோழிகள். கோழிகளையும் குடும்பக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். அவையும் சம்பாதித்தன.

முட்டைகளை அம்மா உமி நிரப்பிய மண்சட்டியில் புதைத்து வைப்பார். பத்து முட்டை சேர்ந்தால் ஐந்தாறு கடைக்குப் போகும். அதற்கு ஈடாக மண்ணெண்ணெயோ நல்லெண்ணெயோ வரும். மீதியில் அத்தாவுக்கு முழு முட்டை உண்டு. நாளெல்லாம் சைக்கிள் மிதிப்பவர் அல்லவா! அவித்து, இரண்டாகப் பிளந்து, மிளகுத்தூளும் உப்பும் தூவி, பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார். நன்னிக்கு இருமல் வந்தால் மட்டும் பனங்கற்கண்டு சேர்த்துக் காய்ச்சிய பாலில் ஒரு முட்டை அடித்து ஊற்றப்படும். அக்காவுக்கும் எனக்கும் சேர்த்து ஒன்று. அதுவும் நாள்தோறும் அன்று, வாரத்தில் இரண்டு மூன்று நாள்.

அந்த ஒன்றை அம்மா பங்கிடும் முறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கத்தியைத் தொடவே மாட்டார். கத்தியில் மஞ்சள் கரு ஒட்டிக்கொண்டு வீணாகும். அத்தாவின் மூட்டையிலிருந்து எடுத்த தையல் நூலை உரித்த முட்டையின் இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றி இரு முனைகளையும் இழுப்பார். பிசிறில்லாமல் இரண்டாகும். மஞ்சள் கரு ஒருபக்கமாக ஒதுங்கியிருந்தால் எங்களுக்குள் சண்டை மூளும் என்பதால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். முட்டை கொதிக்கும்போது அடுப்பருகே நின்று கரண்டியால் அதனை மெல்ல உருட்டிக்கொண்டே இருப்பார். அப்படி உருட்டினால் மஞ்சள் கரு நடுவில் நின்று வேகும். சிறுவயதில் அதை அம்மாவின் கைப்பழக்கம் என்று எண்ணியிருந்தேன். அது நீதி என்பது பின்னால்தான் புரிந்தது.

எனக்கு மஞ்சள் கருதான் பிரியம். சுடுசோற்றில் அதைப் பிசைந்து, நான்கு சொட்டு நல்லெண்ணெயும் உப்பும் விட்டு உருட்டித் தின்றால் அதற்கு மேல் உலகில் ஒன்றுமில்லை. இன்று ஊருக்கு ஊர் ஆஃபாயில், கலக்கி, ஒன்சைடு என்று எத்தனையோ வந்துவிட்டன. அரியலூர் அரசு கலைக் கல்லூரியில் வரலாறு படித்த காலத்தில் தோழர்களோடு சேர்ந்து அவற்றையெல்லாம் சுவைத்தவன்தான் நானும். கலக்கியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. வேகாத முட்டையின் வழவழப்பு தொண்டையில் இறங்கும்போது எனக்கு வேறு ஏதோ நினைவுக்கு வந்துவிடும். நன்றாக வெந்த, கையில் எடுத்தால் உதிரும் மஞ்சள் கருவே என் விருப்பம். பாதி வெந்த முட்டையில் நோய்க்கிருமி இருக்கக் கூடும் என்று மருத்துவர்கள் சொல்வது என் கட்சிக்கு வலிமை சேர்க்கிறது.

முட்டையின் நலத்தை அறிவதில் நன்னிதான் எங்கள் வீட்டு மருத்துவர். ஒரு செம்புத் தண்ணீரில் முட்டையைப் போடுவார். படுத்துக் கிடந்தால் புதிது. செங்குத்தாக நின்றால் நாளானது. மிதந்தால் குப்பைக்கு. நாளாக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெரிதாகும், ஆதலால் மிதக்கிறது என்னும் காரணத்தை நான் பிற்பாடு படித்தேன். நன்னி படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார். ஜும்ஆவுக்கு முந்திச் செல்பவருக்கு ஒட்டகத்தைக் குர்பான் கொடுத்த நன்மையும், அடுத்தடுத்து வருவோருக்கு மாடு, ஆடு, கோழி என்று குறைந்து, கடைசி நேரத்தில் நுழைபவருக்கு ஒரு முட்டையை அளித்த நன்மையும் உண்டு என்னும் நபிமொழி நீங்கள் அறிந்ததே. வெள்ளிக்கிழமை அத்தா வியாபாரத்திலிருந்து பிந்தி வந்து அவசரமாகக் குளித்துக்கொண்டிருந்தால், “இந்த வாரமும் உங்க அத்தாவுக்கு முட்டைதான்” என்று நன்னி சிரிப்பார்.

பள்ளிக்கூடத்தில் முட்டைக்கு வேறு பொருள். கணக்கில் முட்டை வாங்குவதும், ஆசிரியரிடம் கூமுட்டை என்று பெயர் வாங்குவதும் என்னால் இயன்றன. ஆனால் 1989இல் மெய்யான முட்டையே பள்ளிக்கு வந்தது. காமராசர் காலத்தில், 1956இல் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. கலைஞர் ஆட்சியில் 1989இல்தான் அதில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 1998இல் வாரம் ஒன்றாகவும், படிப்படியாக ஏறி 2010இல் வாரம் ஐந்தாகவும் ஆனது. இன்று என் மாணவர்களுக்கு வாரம் ஐந்து என்பது வாடிக்கை. எங்களுக்கோ அந்த இரண்டு வாரமும் ஒரு யுகம். முட்டை நாளன்று வகுப்பில் ஒருவர்கூட விடுப்பு எடுத்ததில்லை. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். அதிலும் ஒரு முட்டை இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. போகட்டும்.

சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

1990ஆம் ஆண்டு முடியும் பனிக்காலம். எனக்குப் பத்து வயது. அக்கா பெரியவளானாள். நம் பக்கத்து வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். விடியற்காலையில் நாட்டுக்கோழி முட்டையை உடைத்து ஊற்றி, அந்த ஓட்டாலேயே அளந்து நல்லெண்ணெயும் கொடுப்பார்கள். பிறகு உளுந்தங்களி. நாள் தவறாமல் ஒரு முழு முட்டை! அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வழிய விழுங்குவாள். வாசற்படியில் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு உரிய பாதி நின்றுபோயிற்று. கேட்டால், “அக்காவுக்கு வேண்டியிருக்கு, நீ பொறுத்துக்க” என்பார் அம்மா. எதற்கு வேண்டியிருக்கிறது என்பதை எனக்கு யாரும் விளக்கவில்லை.

அதே வாரத்தில் எங்கள் வீட்டுச் செங்கோழி அடைக்கு உட்கார்ந்தது. அடைக்கோழி முட்டையிடாது என்பதால் வரவும் குறைந்தது. அடுத்த வீட்டில் இருந்தவரை நான் அத்தை என்று அழைப்பேன். அவர் அம்மாவை அண்ணி என்பார். அவர்கள் வேறு சமயத்தார் ஆயினும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வேலிப்படல் பகலில் மூடப்பட்டதே இல்லை. அத்தையிடம் நல்ல வளர்த்தியான சேவலும் கோழிகளும் இருந்தன, அடைக்கோழி இல்லை. அதனால் தம் முட்டைகளை எங்கள் கோழியின் அடியில் வைக்கக் கேட்டார். பொரிக்கும் குஞ்சில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு.

அத்தைக்கு எழுத்தும் எண்ணும் தெரியாது. பொருள்களைச் சோடி சோடியாகத்தான் கணக்கிடுவார். “மூணு சோடியும் ஒரு ஒத்தையும் இருக்கு அண்ணி” என்று சொல்லி முந்தானையை அவிழ்த்து வைத்தார். அடுப்புக்கரியை எடுத்து ஒவ்வொரு முட்டையின் மீதும் ஒரு கோடு இழுத்தார். எங்களுடையவை நான்கு, கோடில்லாதவை. ஆகப் பதினொன்று. அடைக்கு ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். கூடையில் மணல் பரப்பி, இடி இறங்கினால் கரு கலங்காதிருக்க என்று ஓர் இரும்புத் துண்டையும் கரித் துண்டையும் ஓரத்தில் வைத்து, அதன்மேல் முட்டைகளை அடுக்கினார்கள். இடிக்கும் இரும்புக்கும் என்ன தொடர்பு என்று என்னைக் கேட்காதீர்கள்.

மறுநாள் அந்தியில் கோழி இரை தேட இறங்கியது. வீட்டில் யாருமில்லை. கூடைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தேன். மாட்டுக்கொட்டகையின் இருட்டில் வேலமுள்ளால் துளையிட்டு உறிஞ்சினேன். பச்சை முட்டை குடித்தால் சடுகுடுவில் நெஞ்சு நிற்கும் என்று பள்ளியில் பெரிய பையன்கள் சொல்லியிருந்தார்கள். ருசி ஒன்றும் இல்லை. கோழியின் உடற்சூடு அந்த முட்டையில் அப்படியே இருந்தது. அந்தச் சூடுதான் இன்றும் கலக்கியைக் கண்டால் என் தொண்டைக்கு வருகிறது. ஓட்டை வைக்கோலில் செருகும்போது கொட்டகை வாயிலின் வெளிச்சத்தில் பார்த்தேன். அதன்மேல் கரிக்கோடு இருந்தது.

ஏழாம் நாள் இரவு, முட்டைகளில் கரு கட்டியிருக்கிறதா என்று பார்க்க அத்தையும் வந்தார். அம்மா டார்ச் விளக்கின் முகப்பில் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்த்தார். உள்ளே சிவந்த நரம்புகள் சிலந்திக் கால்களைப் போல் பரவியிருந்தால் உயிர் இருக்கிறது. ஒன்று ஒன்றாகப் பார்த்து முடித்தபோது பத்துதான் இருந்தன. கரிக்கோடு போட்டவை மூன்று சோடி. ஒற்றையைக் காணோம்.

பாம்பு என்றார் நன்னி. பாம்பு வந்திருந்தால் ஒன்றோடு நிறுத்துமா என்றார் அம்மா. பெருச்சாளி வந்த தடமும் இல்லை. எல்லாரும் பேசாமல் நின்றார்கள். அப்போது அத்தை, தம் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான்தான் ஒத்தை கொண்டாந்தேன்னு நெனச்சுக்கிட்டேன் போல அண்ணி. எனக்குத்தான் எண்ணத் தெரியாதே.”

வாசகர்களே, நான் அப்போது பத்தடி தூரத்தில், அரிக்கேன் விளக்கின் அடியில், மடியில் ஜுஸ்உவை வைத்து ஓதிக்கொண்டிருந்தேன். அதே வாரத்தில்தான் ஓதும் பள்ளியில் எங்கள் உஸ்தாத் அமானிதத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தார். நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது ஈமானின் அடையாளம் என்று நான் எழுந்து நின்று ஒப்பித்து, பாராட்டும் பெற்றிருந்தேன். என் வாய் ஓதிக்கொண்டே இருந்தது. சரியாக எண்ணிக் கொடுத்த ஒருத்தி, தம் எண்ணத்தையே சந்தேகித்துக்கொண்டு வேலிப்படலைத் தாண்டிப் போனார்.

இருபத்தொரு நாளில் எட்டுக் குஞ்சுகள் பொரிந்தன. பாதி நான்கு என்றாலும் அம்மா ஐந்தை அத்தையிடம் கொடுத்தார். அதோடு முடிந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

அதன் பின்னரும் எனக்கு முட்டை வரவில்லை. அக்காவின் மருந்து நாட்கள் முடிந்துவிட்டனவே என்று கேட்டேன். “ஒரு கோழி குஞ்சோட திரியுது, மத்தது இறகு உதிர்க்குது” என்றார் அம்மா. இறகு உதிர்க்கும் காலத்தில் கோழி இடாது என்பது மெய்தான். ஆகையால் நம்பினேன். ஆனால் அத்தையின் மகன், என் வகுப்புத் தோழன், தான் தினமும் காலையில் ஒரு முட்டை தின்றுவிட்டு வருவதாக அந்த நாட்களில்தான் பெருமை பேசினான். அவர்கள் வீட்டுக் கோழிகள் மட்டும் இறகு உதிர்க்காதோ என்று பொறாமையில் வெந்தேன்.

ரமலான் வந்தது. 1991ஆம் ஆண்டு, மார்ச் மாதம். முதல் சஹரில் என் தட்டில் ஒரு முழு முட்டை இருந்தது. நூலால் அறுக்காத முட்டை. அம்மா எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தார். நன்னியும் அக்காவும் சாப்பிடாமல் இருந்ததுபோல் ஒரு நினைவு. “ஏதாச்சும் வேணுமா தம்பி?” என்று அம்மா கேட்டார். நான் தட்டைப் பார்த்தேன்.

“உப்பு” என்றேன்.

எழுந்து போய் உப்பை எடுத்து வந்து வைத்தார்.

வருடங்கள் ஓடின. நான் கல்லூரி முடித்து, பிறகு மார்க்கக் கல்வியும் பயின்று, மதரஸாவில் பாடம் நடத்த வந்தேன். அத்தையின் குடும்பம் அரியலூருக்குக் குடிபெயர்ந்தது. மகனுக்கு அங்கே சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியில் வேலை. 2011இல் அம்மா வஃபாத்தானார். அல்லாஹ் அவருடைய கப்றை ஒளியாக்குவானாக.

மாணவர்களுக்கு முல்லா நஸ்ருதீன் கதைகள் என்றால் கொள்ளைப் பிரியம். அவற்றில் ஒன்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். விடுதியில் அவித்த முட்டை தின்றுவிட்டுக் காசு தராமல் போன ஒருவன் பல ஆண்டு கழித்துத் திரும்பி வருகிறான். அந்த முட்டைகள் கோழியாகியிருக்கும், அவை முட்டையிட்டிருக்கும், அவையும் கோழிகளாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பெருந்தொகை கேட்கிறான் விடுதிக்காரன். வழக்கு மன்றத்துக்குப் பிந்தி வரும் முல்லா, விதைப்பதற்காகக் கோதுமையை அவித்துக்கொண்டிருந்தேன் என்று காரணம் சொல்லி அவன் வாயை அடைக்கிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் நான் குடித்தது அவித்த முட்டை அன்று என்பது சிரித்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வரும்.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு நாள், அமானிதப் பாடம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் என் மேசைக்கு வந்தான். பத்து ரூபாய் நாணயம் ஒன்றை வைத்தான். “இது இன்னொருத்தனோடது ஹஜ்ரத், நான் எடுத்தேன்” என்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை. யாரும் தேடவும் இல்லை. சொல்லிவிட்டு ஓடிப்போனான். அன்றிரவு எனக்கு உறக்கம் இல்லை. மறுநாள் காலை பெரம்பலூரில் அரியலூர்ப் பேருந்து ஏறினேன்.

அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புதான் இன்று சிமெண்ட் ஆகிறது. செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் அறிவித்தார்கள். 2020 அக்டோபரில் எங்கள் மாவட்டத்துக் குன்னத்திலும் நீர்நிலையொன்றில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாய்க் கற்கள் வெளிப்பட்டு, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டு பார்த்தது. அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்னும் பழங்காலக் கடலுயிரின் மேல் படிந்து இறுகிய பாறைகள் என்று அறிந்தவர்கள் வந்து சொன்னார்கள். அக்கூட்டத்தில் நானும் ஒருவன். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணில் கிடந்தும் ஒரு முட்டையைப் பற்றிய செய்தி வெளியே வந்துவிடுகிறதே என்று பேருந்தின் சன்னலோரம் இருந்து எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணம் ஆறுதலாக இல்லை.

அத்தை ஓட்டு வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியிருப்பார். என் தாடியையும் தொப்பியையும் பார்த்துச் சற்றுத் திகைத்து, பிறகு முகம் மலர்ந்தார். நலம் விசாரித்து முடிந்ததும் நான் சொல்லத் தொடங்கினேன். முப்பத்து மூன்று வருடமாக உள்ளே ஒத்திகை பார்த்த பேச்சு. நான்கு வாக்கியங்கூட வரவில்லை. “அந்த ஒத்தை முட்டை... நான்தான் அத்தை. நீங்கள் சரியாகத்தான் எண்ணினீர்கள்.”

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

“தெரியுமே தம்பி” என்றார். “ஓட்டுல முள்ளுக் குத்துன ஓட்டை இருந்துச்சு. பாம்பு முள்ளெடுத்துக் குத்துமா?”

கொட்டகையைப் பெருக்கும்போது வைக்கோலிலிருந்து அந்த ஓட்டை எடுத்தவர் அம்மா. அன்றே வேலிப்படலைத் தாண்டிப்போய், கரிக்கோட்டைக் காட்டி, “நீ எண்ணினது சரி” என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் முதல், நான் ஓதும் பள்ளிக்குப் போன பிறகு, ஒவ்வொரு காலையும் ஒரு முட்டையை எடுத்துப்போய் அத்தையிடம் கொடுத்திருக்கிறார். ஒரு முட்டைக்கு ஒரு முட்டை போதும் என்று அத்தை தடுத்திருக்கிறார். அம்மா ஒப்பவில்லை. “அது முட்டை இல்ல, கோழி. அடையில வெச்சதை எடுத்திருக்கான்” என்றாராம். முல்லாவின் கதையில் பிள்ளைகள் எள்ளி நகையாடும் விடுதிக்காரனின் கணக்கை என் தாய் எங்களுக்கு எதிராகவே போட்டிருக்கிறார்!

“எத்தனை நாள் அத்தை?”

“நாப்பது.”

“எண்ணினீர்களா?”

“எனக்கெங்க எண்ணத் தெரியும்? தெனம் ஒரு முட்டை வந்ததும் அடுப்படிச் செவுத்துல ஒரு கரிக்கோடு போட்டுவெச்சேன். எம்மவன்தான் எண்ணிச் சொன்னான். அந்த முட்டையெல்லாம் அவன் தின்னதுதான்.”

என் தோழன் பெருமை பேசியது என் வீட்டு முட்டையைத் தின்றுதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. திரும்பி வந்த பின்னர் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவளும் சிரித்தாள். அவளுக்குரிய பாதியை அம்மா அடுப்படியிலேயே கொடுத்துவிடுவாராம். என்னிடம் மூச்சுக் காட்டக் கூடாது என்று உத்தரவாம். எல்லாரும் அறிந்திருந்தார்கள். அறியாதவன் நான் ஒருவன்தான்.

“ஏன் என்னைக் கேட்கவே இல்லை? ஓர் அடியாவது அடித்திருக்கலாமே” என்றேன்.

அத்தை உடனே பதில் சொல்லவில்லை. மறுபடியும் வெங்காயத்தைக் கையில் எடுத்தார். “நானும் கேட்டேன். ஓதுற புள்ள, நாம கேட்டா பயந்துக்கிட்டுப் பொய் சொல்லிருவான், அவனா வந்து சொல்லட்டும்னாங்க அண்ணி. நோம்பு தொடங்குனா சொல்லிருவான்னு நம்பிக்கிட்டிருந்தாங்க.”

முதல் சஹரும், அறுக்காத முட்டையும், ஏதாச்சும் வேணுமா என்ற கேள்வியும், என் பதிலும் ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னே வந்து நின்றன. அதற்குப் பிறகும் இருபது வருடம் அம்மா இருந்தார். எத்தனை ரமலான், எத்தனை காலை! ஒரு நாளும் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நண்பகல் ஆகிவிட்டது. சாப்பிடாமல் போகக் கூடாது என்றார் அத்தை. பழைய நாட்களிலும் எங்களுக்கு அவர் ஆக்கித் தருவது முட்டைதான். அறுப்பு நம் முறைப்படி இருக்க வேண்டும் என்பதை அறிந்து, கறியைத் தவிர்த்து, அறுக்கத் தேவையில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த பெண்மணி. இரண்டு முட்டையைக் கையில் எடுத்து, “எப்படி வேணும்? வெங்காயம் போட்டு அடை மாதிரி ஊத்தவா?” என்றார். அவித்தாலே போதும் என்றேன்.

சட்டியில் நீர் கொதித்தது. அத்தை அடுப்பருகே நின்று, கரண்டியால் முட்டைகளை மெல்ல உருட்டிக்கொண்டே இருந்தார். நான் பார்ப்பதைக் கவனித்து, “அண்ணி சொல்லித் தந்தது” என்றார். உரித்து, தட்டில் வைத்து, என் முன்னால் நகர்த்தினார். நான் கேட்காமலே ஓரத்தில் கொஞ்சம் உப்பும் வைத்தார்.